ஹெராபத்தின் பச்சைப் படிகங்கள்

விஞ்ஞான சரித்திரம் எழுதுகிறவர்களுக்கு ஒரு ஆப்பிள், ஒரு குளியல் தொட்டி, ஒரு நாய், இவற்றில் ஏதாவது ஒன்று கிடைத்துவிட்டால் போதும். மிச்சத்தைப் படிக்கிறவர்கள் கற்பனை செய்துகொள்வார்கள். வில்லியம் பர்ட் ஹெராபத் விஷயத்தில் கிடைத்தது நாய். 1852இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த இவரிடம் ஃபெல்ப்ஸ் என்று ஒரு மாணவன் இருந்தான். கொயினா கொடுக்கப்பட்டிருந்த நாயின் மூத்திரத்தில் அவன் அயோடின் சொட்டுகளை விட்டானாம். மரகதப் பச்சையில் மினுங்கும் நுண்ணிய படிகங்கள் தோன்றினவாம். கதையை உலகறியச் செய்தவர் எட்வின் லேண்ட். கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1951இல், தன்னுடைய வேலையைப் பற்றி எழுதிய கட்டுரையில் அவர் இதைச் சொன்னார். அதற்குப் பிறகு ஹெராபத்தைப் பற்றி யார் எழுதினாலும் நாய் முன்னால் ஓடி வருகிறது.

நாயை நான் சந்தேகிக்கவில்லை. கொயினா உடம்புக்குள் போய் எங்கே எப்படி வெளியேறுகிறது என்று பார்ப்பது அந்தக் காலத்து வைத்தியர்களுக்கு நியாயமான அக்கறைதான். நோயாளிகளின் மூத்திரத்தில் கொயினாவைக் கண்டுபிடிப்பது பற்றி ஹெராபத்தே 1853இல் தனியாக ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். தவிர அவருடைய தகப்பனார், அதே பெயர் கொண்ட வில்லியம் ஹெராபத், விஷம் வைத்த வழக்குகளில் கோர்ட்டுக்காக ரசாயனச் சோதனைகள் செய்து பேர் பெற்றவர். திரவங்களில் துளித்துளியாக எதையாவது விட்டு என்ன படிகிறது என்று பார்ப்பது அந்த வீட்டுப் பழக்கம். நாயின் கதை செய்கிற கெடுதல் வேறு. எல்லாவற்றையும் அது தற்செயல் ஆக்கிவிடுகிறது. தற்செயல் ஃபெல்ப்ஸுடையது. ஹெராபத் செய்தது அந்தப் படிகங்களை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து, அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடந்த இடங்களைக் கவனித்தது. சில இடங்களில் இரண்டு படிகங்கள் மேலும் கீழுமாகக் கிடந்தும் வெளிச்சம் தாராளமாக வந்தது. சில இடங்களில், அவை குறுக்காகக் கிடந்தபோது, மை கொட்டினதுபோல் கறுப்பு. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே ஒளி புகுகிற பொருள்கள். அவை சேர்ந்த இடத்தில் இரவு.

இதன் அர்த்தம் அவருக்கு உடனே புரிந்தது என்பதுதான் முக்கியம். ஒளி அலை தான் போகிற திசைக்குக் குறுக்காக எல்லாப் பக்கமும் அதிர்கிறது. அந்த அதிர்வுகளில் ஒரே ஒரு தளத்தில் இருப்பதை மட்டும் அனுமதித்து மற்றதை நிறுத்திவிட்டால் வெளியே வருவதைத் தளவிளைவுற்ற ஒளி என்று நம் பள்ளிப் பாடநூல்கள் சொல்கின்றன. நம் வெறும் கண் இந்த வேற்றுமையை உணராது என்றே சொல்லலாம். ஆனால் அதே மாதிரி இன்னொரு பொருளை எதிரே வைத்துத் திருப்பினால், ஒரு நிலையில் ஒளி முழுக்க வரும், கால் சுற்றுத் திருப்பினால் அறவே நின்றுபோகும். ஒளிக்கு ஒரு குழாய்த் திருகு கிடைத்த மாதிரி.

இப்படிப்பட்ட பொருள்கள் ஏற்கெனவே இருந்தன. மாலூஸ் 1808இல் பாரிஸில் லக்ஸம்பர்க் மாளிகையின் ஜன்னல்களில் பட்டுத் தெறித்த அந்தி வெயிலை ஐஸ்லாந்துப் படிகக் கல் ஒன்றின் வழியே பார்த்து, பிரதிபலித்த ஒளியும் தளவிளைவு அடைகிறது என்று கண்டார். அந்தக் கல்லை அறுத்து ஒட்டி எடின்பரோவில் நிக்கல் என்பவர் 1828இல் பட்டகம் செய்தார். விஞ்ஞானிகளுக்கு நூறு வருஷம் உழைத்தது அதுதான். ஆனால் குறையில்லாத கல் அபூர்வம், பெரியது இன்னும் அபூர்வம், விலை அதற்கேற்ப. கட்டைவிரல் அளவுப் பட்டகத்தின் வழியே பார்க்கலாம், அதைக் கொண்டு ஒரு ஜன்னல் அமைக்க முடியாது. டூர்மலின் என்ற ரத்தினக் கல்லும் இதே வேலையைச் செய்யும், ஆனால் தன் பச்சையையோ பழுப்பையோ ஒளியின்மேல் பூசிவிடும். ஹெராபத்தின் படிகம் இரண்டுக்கும் மாற்று. மைக்ராஸ்கோப்பில் மட்டும் தெரிகிற சன்னமான செதில்கூடப் போதும், கறுப்பு முழுக் கறுப்பு. ஊடே வரும் ஒளியில் நிறம் மிகக் குறைவு. கொயினா, கந்தக அமிலம், அயோடின் மூன்றும் சேர்ந்த இந்த உப்புக்குப் பின்னால் 'ஹெராபத்தைட்' என்று பேர் வந்தது. அதே 1852இல் பெல்ஃபாஸ்ட்டில் கூடிய பிரிட்டிஷ் விஞ்ஞான சங்கத்தில் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் அதன் ஒளியியலைப் பற்றிப் பேசினார். பிரிஸ்டல் வைத்தியர் ஒருவரின் படிகத்தை கேம்பிரிட்ஜ் பேராசிரியர் அத்தனை சீக்கிரம் கையில் எடுத்துக்கொண்டார் என்பதே அதன் மதிப்புக்குச் சாட்சி.

இனி ஹெராபத்தின் கஷ்டகாலம். படிகம் பெரிதாக வேண்டும். 1853இல் அவர் எழுதிய இன்னொரு கட்டுரையின் விஷயமே இதுதான்: ஒளிக்கருவிகளுக்கு உதவுகிற அளவில் பெரிய படிகங்களைச் செய்வது எப்படி. வெதுவெதுப்பான அமிலக் கரைசலில் கொயினா உப்பைக் கரைத்து, சாராயத்தில் கரைத்த அயோடினைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஆடாமல் அசையாமல் ஆறவிட வேண்டும். கரைசலின் மேற்பரப்பில் ஏடுபோல மெல்லிய தகடுகள் மிதக்கும். ஒரு கண்ணாடிச் சில்லை அடியில் கொடுத்து அவற்றை ஏந்தி எடுக்க வேண்டும். பாலாடை எடுக்கத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு நாசூக்கான வேலை என்று தெரியும். இந்த ஆடையோ மடங்காது, நொறுங்கும். விரல் பட்டால் தூள். இந்தத் தகடுகள் சிலவற்றை அவர் மைக்ராஸ்கோப்புகளில் டூர்மலினுக்குப் பதிலாக வைத்துப் பார்த்தார், வேலை செய்தன. அதற்கு மேல் போகவில்லை. 1868இல், 48 வயதில், அவர் இறந்தார். அதே வருஷம் சில மாதங்கள் முன்பு தகப்பனாரும் போய்விட்டார்.

ஒளியியலில் தங்காத படிகம் வேறொரு இடத்தில் பிழைத்தது. டச்சு ரசாயனி டெ ஃப்ரை சிங்கோனா மரப்பட்டையில் எத்தனை கொயினா இருக்கிறது என்று நிறுப்பதற்கு அதைப் பயன்படுத்தினார்: பட்டைச் சாற்றிலுள்ள கொயினாவை ஹெராபத்தைட்டாக்கிப் படியவைத்து எடை பார்ப்பது. ஒளியை அளக்க ஆசைப்பட்ட பொருள் பட்டையை அளக்கப் போயிற்று. அப்போது அது லாபகரமான காரியமும்கூட. ஹெராபத்தின் கையிலிருந்த கொயினா தென்னமெரிக்கப் பட்டையிலிருந்து வந்தது. எட்டு வருஷம் கழித்துத்தான் மார்க்கம் பெருவிலிருந்து நாற்றுகளைக் கிளப்பிக்கொண்டு வந்தார், மக்கைவர் நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அவற்றை வளர்த்தார். நடுவட்டத்துத் தோட்டங்களில் மலாக்கா நீரிணைப் பக்கத்திலிருந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகள் வேலை செய்தார்கள். அவர்களுக்காகக் கட்டிய சிறை இன்னும் நிற்கிறது. கொயினாவின் சரித்திரத்தை எங்கே கிள்ளினாலும் இப்படி யாராவது ஒருவர் கட்டாயத்தின் பேரில் மண் வெட்டிக்கொண்டிருப்பார்.

எழுபது வருஷ மௌனத்துக்குப் பிறகு படிகத்தை மீண்டும் எழுப்பியது ஒரு விளையாட்டுச் சாமான் பற்றிய புத்தகம். கலைடாஸ்கோப்பைக் கண்டுபிடித்தவர் டேவிட் ப்ரூஸ்டர். ஒளியியலில் மகா நிபுணர், தளவிளைவு பற்றிய விதி ஒன்று அவர் பேரிலேயே இருக்கிறது. தன் பொம்மையைப் பற்றி 1819இல் ஒரு நூல் எழுதினார். 1858இல் அதைத் திருத்தி வெளியிட்டபோது ஹெராபத்தின் படிகங்களைச் சேர்த்துக்கொண்டார்: பெரிய ஹெராபத்தைட் தகடுகள் கிடைத்தால் கலைடாஸ்கோப்பில் தளவிளைவின் வர்ணங்களைக் காட்டலாம் என்கிற ஆசை. 1926இல் ஹார்வர்டில் சேர்ந்து, சில மாதங்களிலேயே அதை விட்டுவிட்டு நியூயார்க்குக்குப் போன 17 வயதுப் பையன் எட்வின் லேண்ட் இந்தப் புத்தகத்தைப் படித்திருந்தான். நியூயார்க் பொது நூலகத்தில் தளவிளைவு சம்பந்தமாக என்னென்ன உண்டோ எல்லாவற்றையும் தேடிப் படித்தான். ராத்திரியில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பரிசோதனைக்கூடத்துக்குள் திறந்திருந்த ஜன்னல் வழியே ஏறிக் குதித்தான் என்பது அவன் வாழ்க்கை வரலாறுகளில் பிரசித்தமான இடம். படிப்பை விட்டவன், ஜன்னல் ஏறியவன் என்கிற இரண்டையும் அமெரிக்கர்கள் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நூலகத்தைப் பற்றி அத்தனை சொல்வதில்லை. பரிசோதனையின் விஷயம் நூலகத்தில்தான் கிடைத்தது; அதுவும் காலாவதியாகிப்போன ஒரு கேளிக்கை நூலிலிருந்து. யாரும் புரட்டாத புத்தகங்களைக் கழித்துக் கட்டுகிற நூலகர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

லேண்டுக்கு அரிப்பு ஒன்றிருந்தது: மோட்டார் கார்களின் முகப்பு விளக்குகள். இரவில் எதிரே வரும் காரின் வெளிச்சம் கண்ணைப் பறித்து விபத்துகள் நடந்துகொண்டிருந்த காலம். இதற்குத் தளவிளைவு வழி என்று அவர் கண்டார். விளக்கின்மேல் ஒரு தகடு, ஓட்டுகிறவர் முன்னால் ஒரு தகடு. இரண்டின் அச்சும் 45 பாகை சாய்வாக, ஒரே பக்கமாக இருக்க வேண்டும். வலது கையைச் சாய்த்து நீட்டிக்கொண்டு, எதிரே நிற்கிறவரையும் தன் வலது கையை அப்படியே நீட்டச் சொல்லுங்கள்: இரு கைகளும் கத்தரிபோலக் குறுக்கிடும். எதிரே வருகிற கார் நம்மைப் பார்த்துத் திரும்பியிருப்பதாலேயே அதன் வெளிச்சம் நம் தகட்டுக்குக் குறுக்காகிவிடும். நமது வெளிச்சமோ சாலையில் பட்டுத் திரும்பி நம் தகட்டின் வழியே பெரும்பாலும் வந்து சேரும். அழகான யோசனை. ஆனால் ஒவ்வொரு காருக்கும் உள்ளங்கை அகலத்தில் மூன்று தகடுகளாவது வேண்டும், மலிவாக வேண்டும். நிக்கல் பட்டகத்தால் முடியாது. ஹெராபத் மாதிரிக் கரைசலுக்குப் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாலும் முடியாது.

இந்த இடத்தில் லேண்ட் செய்தது எனக்கு விஞ்ஞானத்தைவிட அதிகமாக ஒரு ரசனை மாற்றமாகப் படுகிறது. ஹெராபத், ப்ரூஸ்டர் இருவருக்கும் லட்சியம் பெரிய, ஒற்றை, களங்கமற்ற படிகம். வைரம் இழைக்கிறவனின் லட்சியம் அது. லேண்ட் அந்த ஆசையை விட்டுவிட்டார். படிகம் பெரிதாக வேண்டாம், சிறிதாக, இன்னும் சிறிதாக வேண்டும்; கோடானுகோடி வேண்டும்; அத்தனையும் ஒரே பக்கம் பார்த்து நிற்க வேண்டும். ஒரு பெரிய படிகத்துக்குள்ளேயும் அணுக்கள் இதைத்தானே செய்கின்றன, அந்த ஒழுங்கைப் படிகத்துக்கு வெளியே வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்ட மாதிரி.

எப்படிச் சிறிதாக்குவது? ஹெராபத்தைட்டைக் குண்டுகள் உருளும் ஆலையில் போட்டு ஏறக்குறைய ஒரு மாதம் அரைத்தார். சாதாரணத் தூள் போதாது. தூள் ஒளியை நாலாபக்கமும் சிதறடித்துப் பால் மாதிரி ஆகிவிடும். துகளின் பருமன் ஒளியின் அலைநீளத்தைவிடக் குறைந்தால்தான் சிதறல் அடங்கும். கிடைத்தவை நுண்ணிய ஊசிகள். அவற்றைப் பிசுபிசுப்பான நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரில் மிதக்கவிட்டார். அடுத்தது ஒரே பக்கம் திருப்புவது. கொலம்பியாவின் இயற்பியல் கூடத்தில் வலிமையான மின்காந்தம் ஒன்று இருந்தது. சின்னக் குப்பியில் கலவையை ஊற்றி அதன் துருவங்களுக்கிடையே வைத்தார். காந்தம் ஓடாதபோது ஊசிகள் தங்கள் இயல்பான நடுக்கத்தில் மனம்போன பக்கமெல்லாம் திரும்பிக்கொண்டிருந்தன. திரவம் செங்கறுப்பு, ஒளி புகவில்லை. சுவிட்சைப் போட்டதும் குப்பி மெதுவாக வெளுத்தது. வெளுத்த ஒளியை நிக்கல் பட்டகத்தின் வழியே பார்த்துத் திருப்பினால் வெள்ளை கறுப்பாயிற்று. 1951 கட்டுரையில் லேண்ட் இந்தக் கணத்தையே தன் பெரிய கணமாகக் குறிப்பிடுகிறார்.

பிறகு, ஒரு பிளாஸ்டிக் துண்டை அந்தக் கலவையில் தோய்த்து, காந்தப்புலத்திலேயே உலரவிட்டார். ஊசிகள் திரும்பிய வாக்கிலேயே உறைந்துபோயின. முதல் தளவிளைவுத் தாள் அது. 1929 ஏப்ரலில் காப்புரிமைக்கு மனுச் செய்தார், 1933இல் கிடைத்தது. பிற்பாடு காந்தமும் வேண்டியிருக்கவில்லை. குழைவான கலவையைக் குறுகிய பிளவின் வழியே பிதுக்கினாலே ஊசிகள் ஓட்டத்தின் போக்கில் வரிசையாகிவிடுகின்றன என்று கண்டார். ஆற்றில் மூங்கில் கழிகள் நீளவாக்கில் திரும்பி மிதப்பதைப் பார்த்தவர்கள் இதற்கு ஆச்சரியப்பட மாட்டார்கள். ஆனால் காந்தத்தின் நடுவே இருந்த அந்தக் குப்பியை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். போலராய்டு தாள் பிறப்பதற்கு முன்பு லேண்டின் கையிலிருந்தது ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிற ஒரு சாதனம். தாள், அந்தச் சாதனம் உறைந்துபோன நிலை. உலரும் லாக்கர் அதன் அசைவைப் பறித்துக்கொண்டது. லேண்டும் இதை அறிந்தே இருந்தார். அசையும் நிலையையே வைத்து 'ஒளி வால்வு' என்று தனிக் காப்புரிமைகள் எடுத்தார், 1934இல் அவை வழங்கப்பட்டன.

1932 பிப்ரவரியில் ஹார்வர்டின் இயற்பியல் துறையில் லேண்ட் தன் தாளைக் காட்டினார். அப்போதும் அவருக்குப் பட்டம் கிடையாது, கடைசிவரை வாங்கவும் இல்லை. இயற்பியல் ஆசிரியர் வீல்ரைட்டுடன் சேர்ந்து கம்பெனி ஆரம்பித்தார். கோடாக் புகைப்பட வடிகட்டிகளுக்காகத் தாள் வாங்கியது, பிறகு கறுப்புக் கண்ணாடிகள். 1937இல் போலராய்டு கார்ப்பரேஷன். இந்தப் பெயரைக் கேட்டதும் உடனடிப் புகைப்படக் கேமரா மட்டும் ஞாபகம் வருகிறவர்களுக்கு: கேமரா 1948இல்தான் கடைக்கு வந்தது, பேரில் இருப்பது தளவிளைவு.

அதே வருஷங்களில் ஜெர்மனியில் எதிர்க் கட்சி ஒன்று இருந்தது. பெர்லினில் ஃபெர்டினாண்ட் பெர்னவர் என்ற படிகவியலாளர் ஹெராபத்தின் பழைய லட்சியத்தை விடாமல் பிடித்துக்கொண்டார். ஹெராபத்தைட்டைக் கண்ணாடியின்மேல் மெல்லிய படலமாக, அதுவும் ஒற்றைப் படிகமாக, சில சென்டிமீட்டர் அகலத்துக்கு வளர்த்துக் காட்டினார். ஸைஸ் நிறுவனம் அதை இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே ஒட்டிக் கேமரா வடிகட்டியாக விற்றது. 'பெர்னோட்டார்' என்று அவர் பேரையே வைத்தார்கள். ஹெராபத் உயிரோடிருந்தால் லேண்டின் தாளைவிட இதைத்தான் தன் வாரிசு என்று ஏற்றுக்கொண்டிருப்பார். ஒரு நூற்றாண்டு ஆசை நிறைவேறிய பொருள் அது. ஆனால் நிறைவேறிய வேளையில் அதன் அவசியம் போய்விட்டது. வளர்க்கிற படலத்துக்கும் பிதுக்குகிற தாளுக்கும் இடையே போட்டி என்றால் தாள் கஜக்கணக்கில் வெளியே வருகிறது, படலம் ஒவ்வொன்றாக வளர வேண்டியிருக்கிறது. பெர்னோட்டார் தோற்றது தரத்தினால் அல்ல. கைத்தறி எதனால் தோற்றதோ அதனால்.

லேண்டும் ஹெராபத்தைட்டை ரொம்ப நாள் வைத்துக்கொள்ளவில்லை. ஒளியை உறிஞ்சுகிற காரியத்தை உண்மையில் செய்வது படிகத்திலுள்ள அயோடின். கொயினா அதை வரிசையாக நிறுத்தி வைக்கிற சட்டம். அப்படியானால் சட்டத்தை மாற்றலாம். பாலிவினைல் ஆல்கஹால் என்ற பிளாஸ்டிக்கைச் சூடாக்கி இழுத்தால் அதன் நீண்ட மூலக்கூறுகள் இழுத்த பக்கம் நேராகின்றன. அயோடினில் தோய்த்தால் அது அந்த மூலக்கூறுகளையே பற்றிக்கொண்டு வரிசையாகிறது. 1938இல் வந்த இந்தத் தாளில் படிகமும் கிடையாது, கொயினாவும் கிடையாது. பெரிய படிகம் சிறிய படிகமாயிற்று, சிறிய படிகம் படிகமே இல்லாமல் போயிற்று, ஒழுங்கு மட்டும் மிஞ்சியது.

இதற்குப் பிறகு நடந்தது விசித்திரம். 1942 மார்ச்சில் ஜாவா ஜப்பானியர் வசமானது. உலகத்தின் கொயினாவில் மிகப் பெரும் பங்கு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. மலேரியாக் காடுகளில் சண்டை போடும் சிப்பாய்களுக்கு மருந்தில்லை. அப்போது ராபர்ட் உட்வர்ட் என்ற இளம் ரசாயனி போலராய்டு கம்பெனிக்கு ஆலோசகர். கொயினாவைச் செயற்கையாகச் செய்கிற திட்டம் அவரிடம் இருந்தது. லேண்ட் பணம் கொடுத்தார். உட்வர்டும் வில்லியம் டோரிங்கும் 1944இல் வெற்றியை அறிவித்தார்கள், பத்திரிகைகள் கொண்டாடின. அவர்கள் உண்மையில் செய்தது குவினோடாக்ஸின் என்ற கட்டம் வரை. அதற்கு மேல், 1918இல் ராபேயும் கிண்ட்லரும் சொல்லியிருந்த வழியை நம்பினார்கள். அந்த வழி வேலை செய்யுமா என்று 2001இல் கில்பர்ட் ஸ்டோர்க் கேள்வி எழுப்ப, 2008இல்தான் வில்லியம்ஸ், ஸ்மித் என்ற இருவர் பழைய முறைப்படியே செய்து பார்த்து, செய்யும் என்று காட்டினார்கள். எப்படியிருந்தாலும் யுத்தத்தில் ஒரு சிப்பாய்க்கும் அந்தக் கொயினா போய்ச் சேரவில்லை. அத்தனை செலவு பிடிக்கிற ரசாயனம் அது. நவீன கரிம ரசாயனத்தின் தொடக்கப் பக்கங்களில் ஒன்றுக்கு ஒரு கண்ணாடித் தாள் கம்பெனி, தனக்கு அதற்குள் தேவைப்படாத ஒரு சரக்கின் பேரில், பணம் கட்டியது என்பதுதான் மிச்சம்.

முகப்பு விளக்குகள் என்னவாயின? யுத்தத்துக்கு முன்னும் பின்னும் லேண்ட் டெட்ராய்ட்டின் வாசலில் நின்றார். கார் முதலாளிகள் சோதித்தார்கள், பாராட்டினார்கள், தள்ளிப்போட்டார்கள். 1947இல் கதவு சாத்தப்பட்டது. அவர்கள் சொன்ன காரணங்கள் முழுப் பொய் அல்ல. தகடு பாதி ஒளியைத் தின்றுவிடும், ஆகவே விளக்கு இன்னும் பிரகாசமாக வேண்டும். விளக்கின் சூட்டில் தகடு கெடும். தெருவிலோடும் பழைய கார்களை என்ன செய்வது? ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த காரணம் கணக்குப் புத்தகம் பார்க்கிறவனுக்குச் சட்டென்று புரிகிறது. முதலில் தகடு போட்டுக்கொள்கிறவனுக்கு ஒரு லாபமும் இல்லை. எதிரே வருகிறவர்கள் எல்லாரும் போட்டுக்கொண்டால்தான் அவன் கண் பிழைக்கும். அவன் கொடுக்கிற காசு பிறத்தியான் கண்ணுக்கு. அப்படிப்பட்ட சாமானுக்கு வாடிக்கையாளர் கிடையாது. சட்டம்தான் அதை விற்க முடியும், சட்டம் வரவில்லை. ஹெராபத்தைட்டை உறக்கத்திலிருந்து எழுப்பிய காரணம் எதுவோ அது ஒன்றுதான் நிறைவேறாமல் போனது. நம் நான்குவழிச் சாலைகளில் இரவு பஸ்ஸின் முன் ஸீட்டில் உட்கார்ந்து போகிறவர்கள் எதிர் வரும் வெள்ளை விளக்குகளுக்குக் கண்ணை மூடிக்கொள்ளும்போது, இதற்கு 1929இல் ஒரு மருந்து இருந்தது என்று எண்ணிக்கொள்ளலாம்.

தாள் மற்ற இடங்களுக்கெல்லாம் போயிற்று. யுத்த காலத்துக் கண்ணாடிகள். 1952இலிருந்து இரண்டு வருஷம் அமெரிக்காவைப் பிடித்தாட்டிய முப்பரிமாண சினிமா. நம் பக்கம் 1984இல் 'மை டியர் குட்டிச்சாத்தான்' பார்க்கத் தியேட்டர் வாசலில் கொடுத்த கண்ணாடியும் அதே இனம். கடைசியாக, யாரும் கண்ணால் காணாத ஒரு இடம். 1970இல் பாஸெல் நகரத்தில் ஷாட், ஹெல்ஃப்ரிஷ் இருவரும் திரவப் படிகத்தை முறுக்கி வைத்து மின்சாரத்தால் அவிழ்க்கிற முறைக்குக் காப்புரிமை கேட்டார்கள். முறுக்கின திரவம் ஒளியின் தளத்தைத் திருப்பும், அவிழ்ந்தால் திருப்பாது, அவ்வளவுதான். அது வெளிச்சமாகவும் இருட்டாகவும் தெரிவதற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்றாக இரண்டு தளவிளைவுத் தாள் தேவை. கால்குலேட்டரிலிருந்து கம்ப்யூட்டர் வரை எல்சிடி திரை எல்லாவற்றிலும் லேண்டின் 1938 தாளின் வம்சம்தான் ஒட்டியிருக்கிறது. ஏடிஎம் திரை செத்துவிட்டது என்று புகாரோடு எங்கள் கவுண்டருக்கு வருகிறவர்களில் சிலர் விலையுயர்ந்த கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார்கள். கழுத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பார்க்கச் சொல்வேன். திரை உயிர்த்து எழும். ஹெராபத் மைக்ராஸ்கோப்பில் கண்ட அதே குறுக்கு, அதே கறுப்பு. வந்தவருக்கு என்மேல் லேசாக சந்தேகம்.

உறையாமல் விடப்பட்ட அந்தக் குப்பியும் அழிந்துவிடவில்லை. ராபர்ட் ஸாக்ஸ் என்பவர் 1965இல் ஒரு சிறு கம்பெனி தொடங்கி லேண்டின் ஒளி வால்வை மறுபடி எடுத்தார். காந்தத்துக்குப் பதில் மின்புலம். இரண்டு கண்ணாடிகளுக்கிடையே மெல்லிய படலம், அதற்குள் நுண்ணிய திரவத் துளிகள், துளிகளுக்குள் ஊசிகள். மின்சாரம் ஓடினால் ஊசிகள் வரிசையாகி ஒளி வரும், நிறுத்தினால் கலைந்து இருளும். ஹெராபத்தைட் சூட்டையும் வெயிலையும் தாங்காது. ஊசிகளுக்கு வேறு அயோடைடு உப்புகளைத் தேட வேண்டியிருந்தது. பல பத்தாண்டுகள் அது பங்கு வாங்கினவர்களின் பொறுமையைச் சோதித்துக்கொண்டே இருந்தது. 2011இல் மெர்ஸிடஸ் கார் ஒன்றின் கூரைக் கண்ணாடியாக வந்தது: பொத்தானை அமுக்கினால் வெயில், விட்டால் நிழல். லேண்ட் கேட்டது காரின் முகப்பு விளக்குக்கு, கிடைத்தது கூரையில், அதுவும் சொகுசுக் காரின் கூரையில்.

படிகத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரியாமலே இருந்தது. அயோடினின் சங்கிலிகள் இருக்க வேண்டும், அவற்றின் நீளவாக்கில் அதிர்கிற ஒளியை அவை குடித்துவிடுகின்றன என்ற ஊகம் பழையது. இழுத்த பிளாஸ்டிக் தாள் வேலை செய்ததே அந்த ஊகத்துக்கு ஒரு சாட்சி. ஆனால் ஹெராபத்தைட்டின் அணு அமைப்பை எக்ஸ்-ரே கொண்டு தீர்மானித்து பார்ட் காரும் சகாக்களும் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டது 2009இல், ஃபெல்ப்ஸ் துளி விட்டு 157 வருஷம் கழித்து. அதற்குள் எந்தத் தொழிலுக்கும் அந்தப் படிகம் வேண்டியிருக்கவில்லை. அயோடின் அணுக்கள் மும்மூன்றாகச் சேர்ந்து, ஒன்றன் பின் ஒன்றாக, கொயினா மூலக்கூறுகளுக்கு நடுவிலுள்ள சந்துகளில் வரிசை போட்டு நிற்கின்றன. கணக்கு: கொயினா நான்கு, சல்பேட் மூன்று, மும்மை அயோடின் இரண்டு, தண்ணீர் ஆறு.